எங்கள் தெருவின் குழாய்க் குழிகள்

போடியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவில் தண்ணீர்க் குழாய்கள் தரைக்கு மேலே இல்லை, குழிக்குள் இருந்தன. எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி வந்த மறுநாள், என் மாமியார் எனக்கு அடுப்படியைக் காட்டினார், சாமி படங்களைக் காட்டினார், பிறகு வாசலுக்குக் கூட்டிவந்து ஒரு பலகைக் கல்லை நகர்த்தி அந்தக் குழியைக் காட்டினார். இடுப்பளவு ஆழம், இறங்க இரண்டு படி. அடியில் சுவரிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. "எறங்கத் தெரியுமா?" என்று கேட்டார். மலையில் பிறந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடத்தோடு இறங்கிக் காட்டினேன். ஏன் இறங்க வேண்டும் என்று கேட்கத்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நான் வளர்ந்தது போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கே கூலி வேலை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் மேலே சோலையிலிருந்த ஊற்றிலிருந்து வந்தது. முதலில் பிளந்த மூங்கிலில் வந்தது, பிறகு சரிவில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி அங்கிருந்து இரும்புப் பைப்பில் வந்தது. குழாயைத் திறந்தால் குடம் கையை விட்டுத் துள்ளும். மேல் லயத்தில் அதே தண்ணீர் சுரத்தில்லாமல் வரும், கீழ் லயத்தில் பீய்ச்சி அடிக்கும். தண்ணீருக்கு வேகம் கொடுப்பது பைப்பின் பருமன் இல்லை, அது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வருகிறது என்பதுதான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் பாடம் எடுத்ததில்லை, குடம் பிடித்த கைக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

போடித் தெருவில் குழி வந்த கதையை என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் ஜீப் ஓட்டுபவர், விடிவதற்குள் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். அவருடைய சின்ன வயதில் தெரு முக்கில் ஒரே ஒரு பொதுக் குழாய் இருந்ததாம். பிறகு தெருவுக்கடியில் பைப்பு புதைத்து, வீடு வீடாக இணைப்பு கொடுத்தார்கள். மரை போட்ட இரும்புப் பைப்பு, இணைப்பில் சணல் சுற்றி வெள்ளைப் பெயிண்டு பூசி முறுக்குவார்கள். அப்போது குழாய்கள் முழங்கால் உயரத்தில் ஒழுங்காகத்தான் இருந்தன. வீடுகள் பெருகின, அதே பைப்பிலிருந்து பல வாய்கள் குடித்தன, தண்ணீரின் வேகம் குறைந்தது. யாரோ ஒருவருக்கு, குழாயைக் கீழே இறக்கினால் தண்ணீர் கூடுதலாக வரும் என்று புரிந்தது. ஒரு சாண் தோண்டினார். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? இரண்டு சாண் தோண்டினார். இப்படியே போட்டி போட்டு, தெருவில் பதினோரு வீட்டிலும் பதினோரு குழி. எங்கள் வீடு ஓடைப்பக்கம் கடைசி, எங்கள் குழிதான் எல்லாவற்றிலும் ஆழம்.

தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் தெருவில் யாரும் குழாயை மூடுவதில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் பைப்பிலிருக்கும் காற்று 'உஸ்ஸ்' என்று வெளியே வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அத்தனை பேரும் குடத்தைத் தூக்குவோம். திறந்து கிடக்கும் குழாய்தான் எங்களுக்குக் காவல்காரன். குழாயை மூடி வைக்கிற மருமகளைப் பொறுப்பில்லாதவள் என்பார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்கள் வீட்டுக்கு மட்டும் உண்டு. தண்ணீர் நின்ற பிறகு மேல் வீடுகளில் சொட்டுக்கூட வராது. எங்கள் குழியில் மட்டும் இன்னும் அரைமணி நேரம் நூல் மாதிரி வந்துகொண்டிருக்கும். அதைக் 'கடைசித் தண்ணி' என்று என் மாமியார் சொல்வார். நுரையில்லாமல் அமைதியாக வருவதால் அது நல்ல தண்ணீராம். அதைச் செப்புக்குடத்தில் தனியாகப் பிடித்து, குடிப்பதற்கென்று வைப்பார். "கடைசி வீடுன்னு எளக்காரமாப் பேசுறாளுக. கடைசி சொட்டு வரைக்கும் நமக்குத்தான்டி வருது" என்று பெருமையாகச் சொல்வார். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், என் மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது, ஒரே கோடையில் மூன்று முறை வயிற்றுப்போக்கு. மூன்றாவது முறை கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுடைய சின்னக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் காலில் தேடினார்கள். டாக்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். மாமியார் கண்ணேறு என்றார். பிள்ளை பிழைத்து வீடு வந்தது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. குடிக்கிற தண்ணீரை இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தனியாக வைக்கிற வீட்டில், இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி?

அதற்கு அடுத்த வாரம், தண்ணீர் நின்றதும் செப்புக்குடத்தை வைத்துவிட்டுக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் லேசாக நீலமாக மாறியது. முதலில் வானத்தின் நிழல் என்று நினைத்தேன். கையில் ஏந்திப் பார்த்தேன், நீலம்தான். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம்.

மேலேறித் தெருவைப் பார்த்தேன். மேலே நான்காவது வீட்டில் வேட்டிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நீலம் அலசிய தண்ணீரை அந்த வீட்டுப் பெண் வழக்கம்போல வாசலில் ஊற்றியிருக்கிறாள், அது அவர்கள் குழிக்குள் வடிந்திருக்கிறது. ஆனால் அவர்கள் குழித் தண்ணீர் எங்கள் குழாயில் எப்படி வரும்? நான் மெதுவாகத் தெருவில் நடந்து, ஒவ்வொரு குழியருகிலும் நின்று காது கொடுத்தேன். நான்காவது வீட்டுக் குழியிலிருந்து உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அழுக்குத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது அவர்கள் குழாய், வாய் திறந்தபடி. குழியிலிருந்த தண்ணீர் என் கண்ணெதிரே குறைந்துகொண்டே போனது.

மலையில் தொட்டி வற்றும்போது கீழ் லயத்துக் குழாயைத் திறந்தால், மேல் லயத்துக் குழாய் காற்றை இழுக்கும். விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெருப் பைப்பில் வரத்து நின்ற பிறகு, அதிலிருக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் பள்ளமான எங்கள் குழாய் வழியாக இறங்குகிறது. அது இறங்க இறங்க, மேலே திறந்து கிடக்கிற குழாய்கள் காற்றை இழுக்கின்றன. குழாய் தண்ணீரில் முங்கியிருந்தால் அந்தத் தண்ணீரை இழுக்கின்றன. கால் கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், சாக்கடையிலிருந்து கசிந்த தண்ணீர். பத்து வீட்டுக் குழியையும் கழுவி, செப்புக்குடத்தில் பிடித்து, என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் குழாயை மூடினேன். காற்றுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழாய் இருக்கிறது, காது இருக்கிறது, போதும். இனிமேல் கடைசித் தண்ணீர் பிடிப்பதில்லை, வரத்து வந்ததும் முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடுவது என்று மாமியாரிடம் சண்டை போட்டு நிறுத்தினேன். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்தாவது வீடு, எங்களுக்கு அடுத்த வீடு. அங்கே இருந்தவள் சிலமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், என்னைவிட ஆறேழு வயது சிறியவள். அதற்கு முந்தின வருஷம் என் அப்பா இறந்து நாங்கள் மலைக்குப் போயிருந்த சமயத்தில், அவர்கள் வீட்டில் குழியை எங்களுடையதைவிட ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். திரும்பி வந்தால் எங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. சாவு வீட்டுக்குப் போன நேரம் பார்த்துத் தோண்டினார்களே என்று எனக்கு ஆறாத ஆத்திரம். நாங்கள் மறுபடி தோண்டினோம். பேச்சுவார்த்தை பாதியாகக் குறைந்தது.

எங்கள் குழாயை மூடிய சில நாளில் அவள் வாசலில் நின்று, சிரித்த முகமாக என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இப்ப எங்க வீட்டுலயும் கடைசித் தண்ணி வருதுக்கா! எங்க அத்தை குடிக்கன்னு தனியாப் பிடிச்சு வைக்குது" என்றாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். நான் அவளைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம், ஒரு வாய் வார்த்தை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அது சித்திரை மாதம். ஆடியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஏழு மாத வயிற்றோடு, கண் இரண்டும் மஞ்சளாக, அவளை என் வீட்டுக்காரரின் ஜீப்பில்தான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது நான்தான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தேன். "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு புள்ள" என்றேன். சொல்லும்போதே என் நாக்கு கூசியது. பிழைப்பாளா என்று பத்து நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் நான் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்னவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பிழைத்தாள். குறை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது, ஒரு முழம்கூட இல்லை, அதுவும் பிழைத்தது.

என் வீட்டுக் குழாயை மூடியதால் தெரு சுத்தமாகவில்லை, அழுக்கு ஒரு வீடு தள்ளிப்போனது, அவ்வளவுதான். அவளும் மூடினால் ஒன்பதாவது வீட்டுக்குப் போகும். பதினோரு குழாயும் குழியை விட்டு மேலே வர வேண்டும், பதினோரு குழியும் மூடப்பட வேண்டும். அதை முடிக்காமல் ஓய்வதில்லை என்று அவள் மதுரையில் கிடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். கேட்ட எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மொதல்ல அவுக ஏத்தட்டும், நாங்க ஏத்துறோம்." முதலில் ஏற்றுகிற வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். என் மாமியார் மட்டும் ஒளிவு மறைவில்லாமல் பேசினார்: "கொழாய ஏத்தித் தண்ணி வரலேன்னா ஒன்னய மலைக்கே அனுப்பிருவேன்." என் வீட்டுக்காரர் சிரித்தார். "எனக்கு ஜீப்பு ஓட்டத்தான் தெரியும். தெருவ நீயே ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். சிலமலைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் பைப்புக்காரர் ஒருவரை வரச் சொல்லி, எங்கள் குழாயை முதலில் ஏற்றச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா, ஊரெல்லாம் எறக்கச் சொல்லித்தான் என்னயக் கூப்பிடும். ஏத்தச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார். பைப்பை அறுத்து, மரை போட்டு, சணல் சுற்றி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தார். குழியை நானே கல்லும் மண்ணும் போட்டு மூடினேன். எதிர்பார்த்த மாதிரியே தண்ணீர் வரவில்லை. தெரு முக்கில் இருந்த அடிபம்பில் அடித்து, உப்புத் தண்ணீர் சுமந்து, ஒரு மாதம் ஓட்டினேன். எல்லாரும் பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் சுமந்தேன்.

பிறகு ஒரு காலை, வரத்து நின்றவுடன், எல்லாப் பெண்களையும் பத்தாவது வீட்டுக் குழியருகே கூப்பிட்டேன். அவள் மதுரையிலிருந்து வந்து குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள், இங்கே அவளுடைய மாமியார்தான் இருந்தார். தெருவின் முதல் வீட்டுக் குழியில், அவர்கள் அனுமதியோடு, ஒரு பொட்டலம் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். எல்லாரும் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் வெறும் தண்ணீர் வந்தது. ஒருத்தி, "சோலி கெடக்கு, நான் வர்றேன்" என்று கிளம்பினாள். அவள் நாலடி வைப்பதற்குள் நீலம் வந்துவிட்டது. அந்த வீட்டு மாமியார் குடத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இதையா எம் மருமகளுக்குக் குடுத்தேன்" என்று கேட்டார்.

முதல் வீட்டுப் பெரியம்மா மட்டும் மசியவில்லை. அவருக்குத்தான் எப்போதும் முதல் தண்ணீர், சுத்தமான தண்ணீர். "கடைசி வீட்டுக்கு அழுக்கு போறதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் ஏத்துனா எனக்கு என்ன வரும்?" என்றார். "தண்ணி உங்க வீட்டுல பொறந்து வரல, பெரியம்மா" என்றேன். "உங்களுக்கு மேல இன்னொரு தெரு இருக்கு. அங்கயும் குழி இருக்கு, அங்கயும் கொழாயத் தொறந்து போட்டுத்தான் வச்சிருக்காக. அவுகளுக்கு நீங்கதான் கடைசி வீடு." பெரியம்மா உள்ளே போய்விட்டார். மறுநாள் பைப்புக்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பைப்புக்காரர் தண்ணீர் நிறைத்த நீளமான டியூபைக் கொண்டுவந்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூபு. அதன் ஒரு நுனியை ஒரு வீட்டுச் சுவரிலும் மறு நுனியை அடுத்த வீட்டுச் சுவரிலும் பிடித்தால், இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே கரிக்கோடு போட்டார். இப்படியே பதினோரு வீட்டுக்கும் ஒரே மட்டம். தெரு ஓடையைப் பார்த்துச் சரிந்திருந்ததால் முதல் வீட்டில் கோடு தரைக்கு ஒரு சாண் மேலே விழுந்தது, எங்கள் வீட்டில் இடுப்புக்கு வந்தது. ஏற்றிய குழாயை இன்னும் ஏற்ற வேண்டியிருந்தது. "நமக்குத்தானா இவ்வளவு ஒசரம்?" என்று மாமியார் கேட்டார். "ஒசரம் தெருவுக்குத்தான், தண்ணிக்கு எல்லா வீடும் ஒண்ணுதான், அத்தை" என்றேன்.

தண்ணீர் இல்லாத ஒரே நாளில் மீதிப் பத்து வீட்டு வேலையும் முடிய வேண்டும் என்று பேச்சு. ஒரு வீடு பாக்கி இருந்தாலும் மற்றவர்கள் நெஞ்சு பதறும். பொழுது சாய்வதற்குள் பத்துக் குழியும் மண்ணால் மூடப்பட்டன. வேலைக்குப் போகாமல் இருந்த ஆண்கள் எல்லாரும் மண் சுமந்தார்கள்.

மறுநாள் காலையில் முதல் ஆறு வீட்டில் வந்த தண்ணீர், கடைசி ஐந்து வீட்டுக்கு எட்டவில்லை. அடிபம்புப் பக்கம் ஒரு மாதம் நடந்தவள் நான், என்னால் இன்னும் நடக்க முடியும். ஆனால் மற்றவர்கள் மறுநாளே கடப்பாரையை எடுத்துவிடுவார்கள். அப்போது பத்தாவது வீட்டு மாமியார்தான் வாய் திறந்தார். "வயக்காட்டுல மொறத் தண்ணி பாய்ச்சுறதில்லையா? மேமடைய அடைச்சாத்தான கீமடைக்குப் பாயும்?" அந்தத் தெருவில் பாதிப் பேர் வயல்காட்டிலிருந்து வந்தவர்கள். மடை மாற்றத் தெரிந்த அத்தனை பேருக்கும் குழாயை மூடத் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து முதல் அரைமணி மேல் வீடுகள், அடுத்த அரைமணி கீழ் வீடுகள். முறை முடிந்ததும் குழாயை மூட வேண்டும். மேல் வீடுகள் மூடியதும் எங்கள் இடுப்பளவுக் குழாயில் தண்ணீர் வந்தது. பீய்ச்சி அடிக்கவில்லை, விரல் பருமனில்தான் வந்தது. என் மாமியார் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, குடத்தை வைத்தார்.

ஐப்பசியில் அவள் தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடிய குழி மேலே நின்று, ஏற்றிய குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். தெருவே எனக்குக் கொடுத்த பாராட்டை அவளும் கொடுத்தாள். "நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காதுக்கா. எங்க அத்தை எல்லாத்தையும் சொன்னுச்சு." எனக்கு அந்தப் பாராட்டு உடம்பில் முள்ளாகக் குத்தியது. தெருவையே மாற்ற முடிந்த எனக்கு அவளிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், அந்தப் பிடிவாதமெல்லாம் எதற்கு?

"அந்த நீலத்த நான் சித்திரையிலயே பாத்துட்டேன்" என்றேன். "ஒங்க வீட்டுலயும் கடைசித் தண்ணி வருதுன்னு நீ சந்தோசமா வந்து சொன்னியே, அதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். ஒங்க மேல இருந்த கோவத்துல சொல்லாம இருந்துட்டேன்."

அவள் குழாயை மூடினாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள், குழாயைப் பார்த்தபடியே. "எங்களுக்குத் தண்ணி வருதுன்னு பொறாமையில சொல்றீகன்னுதான் நெனச்சிருப்பேன். அதே தண்ணியத்தான் குடிச்சிருப்பேன்." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா நீங்க சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருக்கணும்தான்" என்றேன்.